பரணில் வைத்த பாத்திரங்கள்

கூரைவேலைக்காரன் எவெலியோவின் லாரி ஏணிகளைச் சுமந்துகொண்டு சந்துக்குள் நுழைவதற்குள் கணவனை வீட்டைவிட்டுக் கிளப்பிவிட வேண்டும் என்று இடெல்லா படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். ஓர்லின் பிண்டர் கிளம்புகிற ஆளாகத் தெரியவில்லை. பால்காப்பியில் ரொட்டியை முக்கி முக்கித் தின்றுகொண்டு, கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி சாவகாசமாக இருந்தார்.

"உம்ம மச்சான் படகுத்துறையில காத்துக் கெடப்பாரு. சீக்கிரம் போவும்."

"கெடக்கட்டும். அவன் எஞ்சினு என்னைக்கு ஒழுங்கா ஓடுச்சு? நான் போயி எண்ணெ தொடைக்கணும், அதுக்குத்தான் கூப்பிடுதான். என் வீட்டுக் கூரையப் பிரிக்கிற அன்னைக்கு நான் ஊர் சுத்தப் போவணுமாக்கும்?"

"நீரு இருந்தா அவனுவள வேல செய்ய விடுவீரா? ஆணிக்கு ஆணி குத்தம் சொல்லுவீரு."

"சொல்லத்தான் செய்வேன். என் கூரை." ஓர்லின் மீசையில் ஒட்டிய ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டார். "ஏட்டி, நீயே சொல்லு. அந்தக் கூரைக்கு என்ன கேடு? வருசம் தவறாம ஒத்த ஆளா நின்னு பெயிண்டு அடிச்சிருக்கேன். இந்தத் தீவுல அப்பிடி ஒரு கூரையக் காட்டச் சொல்லு பாப்போம். காப்பீட்டுக்காரன் எங்கயோ குளிருக்குள்ள உக்காந்துக்கிட்டு, நூறு வருசத்துத் தகர ஓடா, மாத்துன்னுட்டான். அவனுக்குக் கூரையோட வயசு தெரியும். கவனிப்பு தெரியுமா?"

"அதான் காப்பீட்டுக்காரன் சட்டம்னு ஆயிப்போச்சே. கூரைமேல ஒரு குத்தமும் இல்ல" என்றாள் இடெல்லா.

அவள் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், கடையில் மீதிச் சில்லறை கூட வந்தால் திரும்ப நடந்துபோய்க் கொடுக்கிறவள். ஆனால் இந்த ஒரு பொய்யை மட்டும் பல வருடமாக அரைத்து மைபோல ஆக்கி வைத்திருந்தாள். சொல்லும்போது முகம் கோணாது.

ஒருவழியாக ஓர்லின் எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். அந்த இடுப்புதான் இந்த மே மாதம் அவரைக் கூரைமேல் ஏறவிடாமல் செய்துவிட்டது. நடப்பதைவிட சைக்கிள் மிதிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெயிலில் கூரை கண்ணைக் கூசவைத்தது.

"ஓட்டோட கீழ் உதட்டுப் பக்கம் இரும்புக்கம்பி போட்டு நெம்பப்படாதுன்னு அந்தப் பயகிட்டச் சொல்லு. எடுத்த ஓடுகள அடுக்கி வைக்கட்டும். ஊர்ல எவனுக்காச்சும் ஒட்டுப்போட ஆகும். நல்ல ஓடுலா."

"சொல்லுதேன், சொல்லுதேன். நீரு மொதல்ல போவும்."

சைக்கிள் மணிச்சத்தம் மே ஃபிளவர் மரங்களுக்கு அப்பால் ஓய்ந்தபிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

*

ஓர்லின் ஒரு காலத்தில் இறால் படகு வைத்திருந்தவர். கீ வெஸ்ட் தீவுத் துறையில் அவர் படகைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு புயலில் படகு பாறையில் ஏறி இரண்டாகிப் போனது. ஆள் பிழைத்து வந்தார், ஆனால் வந்தது பாதி ஆள்தான். சமையலறையில் ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவர், மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். கேட்டால் 'ம்' என்பார். மயாமியிலிருந்து மகள் வந்து அழுது பார்த்தாள். பாதிரியார் வந்து ஜெபம் பண்ணிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சுவரில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று இடெல்லா ஒருநாள் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். வெறும் பலகைச் சுவர்தான்.

பிறகு ஒரு மே மாதம், புயல்காலம் தொடங்குவதற்கு முன்னால், தானாகவே எழுந்து வெளியே போனார். கூரையில் ஒரு துருக்கோடு வழிந்திருப்பதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய் ஒரு டப்பா அலுமினியப் பெயிண்டும் தூரிகையும் வாங்கி வந்து மேலே ஏறிவிட்டார். மத்தியானம் கூரையிலிருந்து சீட்டியடிக்கிற சத்தம் கேட்டது. இடெல்லா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். அவர் முகட்டில் கால் பரப்பி உட்கார்ந்து, சந்தில் போகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து துறைமுகம் தெரியும். எந்தப் படகு வருகிறது, எந்தப் படகு போகிறது என்று அவர் சொல்ல, கீழே நிற்கிறவர்கள் கேட்டுக்கொண்டு போனார்கள். இறங்கி வந்து, "பசிக்குதுட்டி, என்ன இருக்கு?" என்றார். எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்ட வார்த்தை அது! இடெல்லா அடுப்படியில் நின்று முந்தானையில்லாத குறைக்கு ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று முதல் ஒவ்வொரு மே மாதமும் அவர் கூரையில்தான். ஊர் அவருக்கு 'சில்வர்' என்று பெயர் வைத்துவிட்டது. அந்தத் தீவில் பட்டப்பெயர் இல்லாதவன் மனுசனே இல்லை. வைத்துவிட்டால் கல்லறையிலும் அதைத்தான் வெட்டுவார்கள்.

அவர் அடிக்கிற அழகே தனி. ஒவ்வொரு ஓட்டிலும் அச்சு வார்த்த பூ ஒன்று உண்டு. பூவின் இதழ்களை முதலில் தடவுவார். அப்புறம் ஓட்டுக்கு ஓடு சேருகிற இடுக்குகளில் தூரிகையை அழுத்தி அழுத்திக் குத்தி, பெயிண்டை நன்றாக ஊட்டுவார். "ஒரு எறும்பு நுழைஞ்சிருமா? நுழையச் சொல்லு பாப்போம்" என்பார். அவர் பாதி ஆயுசு படகில் போனது. படகென்றால் இடுக்கு அடைபட்டிருக்க வேண்டும்.

அதுதான் வினை. ஓட்டின் கீழ்விளிம்பை வேலைக்காரர்கள் உதடு என்பார்கள். அந்த உதடு கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். காற்றோடு அடிக்கிற மழை எப்படியும் பக்கவாட்டில் உள்ளே புகுந்துவிடும். புகுந்தது உதட்டின் வழியாக வழிந்து அடுத்த ஓட்டின்மேல் இறங்கிப் போய்விடும். உதட்டை அடைத்துவிட்டால் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். மேலே வெள்ளி மாதிரி பளபளக்கிற ஓடு அடியிலிருந்து அரித்துக்கொண்டே போகும். ஓர்லின் வருடத்துக்கு வருடம் கூடுதல் அக்கறையோடு அடைத்தார். கூரை வருடத்துக்கு வருடம் கூடுதலாகக் கெட்டது.

ஐந்தாவது வருடமோ என்னமோ, கூரைக்கு அடியிலிருந்த பரணில் பழைய துணி எடுக்கப் போன இடெல்லா முதல் சொட்டைப் பார்த்தாள். அந்தச் சமயத்தில் மழைநீர்க் குழாயைச் சரிசெய்ய வந்திருந்த எவெலியோ ஏறிப் பார்த்துவிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னான். "கேப்டன் பெயிண்ட் அடிக்கிறத நிறுத்தணும் அக்கா. நிறுத்தி, உதட்டைக் கீறி விட்டா இன்னும் முப்பது வருசம் தாங்கும்."

இடெல்லா ஒரு நிமிடம் யோசித்தாள். ஒரே ஒரு நிமிடம். பிறகு, "நீ ஒண்ணும் பாக்கல. வெளிய ஒரு வார்த்த வந்துச்சு, உன்ன நான் சும்மா விடமாட்டேன்" என்றாள். அடுப்படியிலிருந்து ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறினாள். அது ஆயிற்று பதினோரு வருடம். ஒரு சட்டி இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று. மழை விட்டதும் அவர் வெளியே போகிற நேரம் பார்த்து மேலே ஏறி, ஒவ்வொன்றாக வாளியில் கொட்டி, இறக்கிக்கொண்டு வந்து சப்போட்டா மரத்துக்கு ஊற்றுவாள். முழங்கால் வலிக்கும்போது கடவுளைத் திட்டுவாள், பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

*

எவெலியோவும் அவன் மைத்துனன் டீட்டோவும் வந்ததும் முதல் வேலையாகக் கூரைத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்குகிற குழாயைத் திருப்பி வெளியே விட்டார்கள். துருவும் பெயிண்டுச் சிராயும் தொட்டித் தண்ணீரில் விழக்கூடாது. பின்பக்கச் சரிவை இன்றைக்கு, முன்பக்கத்தை நாளைக்கு என்று பேச்சு. புது ஓடுகள் லாரியில் இருந்தன. அதே பூ, அதே அளவு. பழைய வீட்டு முகத்தை மாற்றக்கூடாது என்று ஊர்க் கட்டடக்குழு கண்டிப்பாகச் சொல்லியிருந்தது.

"கேப்டன் இல்லையா?" என்றான் எவெலியோ.

"மச்சான் படகுக்குப் போயிருக்காரு. சாயங்காலம்தான் வருவாரு. கேட்டுக்கோ எவெலியோ, கழட்டுத ஓடு ஒண்ணுகூட முத்தத்துல கெடக்கப்படாது. நேர லாரிக்குப் போவணும். மேல தார்ப்பாய் போட்டு மூடணும்."

"பதினோரு வருசமா வாயை மூடிட்டு இருக்கேன். இப்ப லாரியையும் மூடணுமா?"

"மூடணும். மத்தியானம் துவரஞ்சோறு இருக்கு, பொரிச்ச மீனு இருக்கு. மூடாட்டா ஒண்ணும் இல்ல."

"டீட்டோ, முதல்ல தார்ப்பாயை எடுடா" என்றான் எவெலியோ.

இந்த ஓடுகளை மேலிருந்து கீழேதான் பிரிக்க முடியும். ஒவ்வொன்றும் பக்கத்து ஓட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கீழ்ஓட்டின் தலையையும் கவ்விக்கொண்டிருக்கும். கடைசியில் வைத்ததைத்தான் முதலில் எடுக்க வேண்டும். எவெலியோ முகட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மேல்வரிசையில் கைவைத்தான். ஓடு கையோடு வரவில்லை. பெயிண்டு ஒன்றோடு ஒன்றை ஒட்டிப்போட்டிருந்தது. கத்தியால் கீறி நெம்பினபோது அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடியிலிருந்த பலகை கறுத்து ஊறிப்போயிருந்தது.

கீழே நின்ற இடெல்லா அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு மிஸ்பா அம்மாள் விசிறியும் கையுமாகத் தன் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். சந்தில் ஒரு கோழி செத்தாலும் மிஸ்பாவுக்குத் தெரியாமல் சாகாது.

"ஏட்டி இடெல்லா! சில்வர் எங்க? கூரையப் பிரிக்கையில ஆள் இல்லாம போனாரே! செத்த வீட்டுல பொணம் ஓடிப்போன மாதிரில்லா இருக்கு!"

"வாயக் கழுவு! அவரு வேலையாப் போயிருக்காரு."

"என்ன வேலை? போன ஞாயித்துக்கெழம கோயில்ல சொன்னாரே, நான் நின்னு பாத்து எறக்குவேன்னு. நீதான வெரட்டிவுட்ட?"

"உன் அடுப்புல என்னமோ தீயுது பாரு."

"நான் அடுப்பே பத்தவைக்கலையே" என்றாள் மிஸ்பா, விசிறியை நிறுத்தாமல்.

மத்தியானம் மூன்று பேரும் சப்போட்டா நிழலில் சாப்பிட்டார்கள். மீனின்மேல் எவெலியோ எலுமிச்சை ஊறலைத் தாராளமாகத் தெளித்துக்கொண்டான். டீட்டோ இரண்டாவது முறையும் தட்டை நீட்டினான். தெற்கே கடல்மேல் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது, ஆனால் அந்தப் பருவத்தில் அது தினமும் கட்டுவதுதான்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீங்களே?" என்றான் எவெலியோ. "அப்பவே சொல்லியிருந்தா கூரை தப்பிச்சிருக்கும்."

"கூரை தப்பிச்சிருக்கும்" என்றாள் இடெல்லா. சோற்றைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். "அந்த மனுசன் சொவரப் பாத்து உக்காந்திருந்தத நீ பாக்கல. நான் பாத்தேன். எனக்குக் கூரை பெருசில்ல."

எவெலியோ மீன்முள்ளைப் பூனைக்குப் போட்டுவிட்டு எழுந்தான்.

*

ஓர்லின் சாயங்காலம்வரை தங்கவில்லை. மச்சானின் எஞ்சின் ஓடாமல் படகு துறையைவிட்டே கிளம்பவில்லை. இரண்டு மணிக்கெல்லாம் சைக்கிள் மணி கேட்டது. இடெல்லா சமையலறையிலிருந்து வெளியே வருவதற்குள் அவர் பின்முற்றத்துக்கு வந்துவிட்டார்.

முற்றத்தில் ஒரே ஒரு ஓடு கிடந்தது. டீட்டோவின் கை தவறி அப்போதுதான் விழுந்திருந்தது. ஓர்லின் மெதுவாகக் குனிந்து அதை எடுத்தார். பூவைத் தடவினார். அவர் அடித்த பெயிண்டு வழவழவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். விரல் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

"எவெலியோ!"

"கேப்டன்! சீக்கிரம் வந்துட்டீங்களே!" மேலிருந்து குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது.

"இது என்னது?"

"உப்புக்காத்து கேப்டன். நூறு வருசம் இல்லையா? எந்தத் தகரம் தாங்கும்?"

"நானும் உப்புக்காத்துல தான் பொறந்து வளந்தேன். மேல தொட்டா வழுவழுன்னு இருக்கு, உள்ள மாவா உதிருது. உப்புக்காத்து என்ன, பரணுக்குள்ள இருந்தா வீசுது?"

எவெலியோ இடெல்லாவைப் பார்த்தான். ஒரு கணம்தான் பார்த்தான். அந்த ஒரு கணத்தை ஓர்லினும் பார்த்துவிட்டார். கடலில் நாற்பது வருடம் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பாறையைக் கண்டுபிடித்த கண் அது.

ஓட்டின் உதட்டைத் திருப்பிப் பார்த்தார். வருடக்கணக்கில் அடித்த பெயிண்டு அதில் தடித்துப்போய்க் கிடந்தது. அதை நகத்தால் பெயர்த்தார். அடியில் தேங்கியிருந்த துருநீர் அவர் உள்ளங்கையில் வழிந்தது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நான் அடைச்சேன்" என்றார். "வெளிய போவ வழியில்லாம நான்தான் அடைச்சிருக்கேன்."

கூரையில் டீட்டோ சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"ஒனக்கு எத்தன வருசமாத் தெரியும்?"

"உள்ள வாரும், பேசுவோம்."

"எத்தன வருசமாட்டி தெரியும்?"

"பதினோரு வருசம்" என்றாள் இடெல்லா. பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. "மொதல்ல ஒரு சட்டி வச்சேன். பொறவு கூடிப்போச்சு."

"வருசா வருசம் நான் அந்த வெயில்ல நின்னு அடிப்பேன். நீ கீழ நின்னு, நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லுவ."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"ஊரு பூரா சிரிச்சிருக்கும்."

"ஊருக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் இவனுக்கும்தான் தெரியும்."

ஓர்லினுக்குப் பின்னாலேயே முற்றத்து வேலிவரை வந்துவிட்டிருந்த மிஸ்பா விசிறியை மடித்துப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் அப்படிச் செய்தது அபூர்வம்.

"ஏன் சொல்லல?" ஓர்லினின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் இடெல்லாவுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்லா?"

"அதுக்குத்தான் சொல்லல. நிறுத்தியிருப்பீரு. நிறுத்திட்டு எங்க போயிருப்பீரு?"

அவர் ஓட்டைக் கவனமாகத் தரையில் வைத்தார். பூ மேலே தெரிகிற மாதிரி வைத்தார். பிறகு சமையலறைக்குள் போனார். நாற்காலி பலகையில் உரசிக்கொண்டு திரும்புகிற சத்தம் வெளியே கேட்டது. இடெல்லா சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு மாதிரியே.

எதற்கு இத்தனை பாடு பட்டேன், இதற்குத்தானா என்று நினைத்தாள். உள்ளே போய்த் தோளில் கைவைக்கலாமா என்று யோசித்தாள். போன முறை கைவைத்தபோது அந்தத் தோள் மரக்கட்டை மாதிரி இருந்தது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"என்ன மன்னிச்சிருங்க அக்கா" என்றான் எவெலியோ மேலிருந்து.

"உன் தப்பு இல்ல. நீ வேலையப் பாரு."

வேலையைப் பார்க்க நேரமில்லை. தெற்கே கட்டியிருந்த மேகம் அன்றைக்கு ஏமாற்றுகிற மேகமாக இல்லை. கோழிகள் வீட்டடிக்குள் ஓடின. காற்று ஒருமுறை சுத்தமாக நின்று, பிறகு குளிர்ந்து வந்தது. "டீட்டோ, லாரித் தார்ப்பாய்!" என்று கத்தினான் எவெலியோ. பின்சரிவில் பாதிக்குமேல் வெறும் பலகை. இருவரும் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, கட்டைகளை வைத்து அறையத் தொடங்கினார்கள். ஒரு மூலையை அறைவதற்குள் இன்னொரு மூலை பறந்தது.

"பின்பக்கம் நாங்க பார்த்துக்கிடுதோம் அக்கா! முன்பக்கம் பழைய ஓடு, முகட்டுத் தகடு வேற எடுத்தாச்சு. நல்லா ஒழுகும். உள்ள பார்த்துக்கங்க!"

பரண் ஏணி நடுக்கூடத்தில் செங்குத்தாக நின்றது. பாத்திரங்களையெல்லாம் நேற்றுத்தான் இடெல்லா ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தாள், வேலைக்காரர்கள் உள்ளே வந்து பலகை பார்க்க இடம் வேண்டும் என்று. இப்போது ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். முதல் படியில் கால் வைத்தாள். முழங்கால் சுரீரென்று வலித்தது. இரண்டாவது படி. மழை கூரையில் விழுந்துவிட்டது.

"எறங்கு."

திரும்பிப் பார்த்தாள். ஓர்லின் சமையலறை வாசலில் நின்றார்.

"தண்ணி எறங்கிரும். கூடத்துல படுக்கை இருக்கு, ரேடியோ இருக்கு…"

"எறங்குட்டின்னேன். அந்தக் காலை வச்சுக்கிட்டா இத்தன வருசமா ஏறின?"

"உமக்கு இடுப்பு…"

"என் இடுப்பு எனக்குத் தெரியும்."

அவள் இறங்கினாள். அவர் ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சைப் பிடித்து, ஏசுவின் பெயரையும் வேறு சில பெயர்களையும் சொல்லிக்கொண்டு ஏறினார். மேலே போய்ப் பரணில் தவழ்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அது நின்றுவிட்டது.

"என்ன, இருக்கீரா?" என்று இடெல்லா கத்தினாள்.

"இத்தனையா?" என்றார் ஓர்லின் மேலிருந்து.

அவள் ஏணிக்கடியில் வந்து அண்ணாந்து நின்றாள்.

"சரி, சொல்லு. எங்க வைக்க?"

"கடல்பக்கமாத் திரும்பும். மூணாவது கட்டைக்குக் கீழ அலுமினியச் சட்டி."

"வச்சாச்சு."

"கொஞ்சம் சாச்சு வையும். அந்தப் பலகை சரிவு. அப்புறம் கூரைக்கு ஏறுத சின்னக் கதவுக்கு இடப்பக்கம் பெரிய வாளி. அங்கன ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இருக்கும், தலையப் பாத்து…"

"ஆ!"

"சொன்னேன்லா."

"முன்னாடியே சொல்லணும்."

மழை வலுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இடங்களைச் சொன்னாள். பார்க்கவே வேண்டியதில்லை, பரண் முழுக்க அவள் கைக்குள் இருந்தது. கிழக்கு மூலையில் பிடி உடைந்த குண்டான். நடுவில் கேக் சுடுகிற தட்டு, அதில் சீக்கிரம் நிறையும். அவர் தவழ்ந்து தவழ்ந்து வைத்துக்கொண்டு போனார். வெளியே எவெலியோவின் சுத்தியல் விடாமல் அடித்தது.

"இடெல்லா."

"என்ன?"

"ஒவ்வொண்ணுலயும் அடியில துணி கெடக்கே. இது எதுக்கு?"

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அத எடுத்துராதீரும். அது இருந்தாத்தான் சத்தம் வராது."

"என்ன சத்தம்?"

"சொட்டுத சத்தம். நீரு படுத்திருக்கையில மழ பெஞ்சா உமக்குக் கேட்டுரும்லா. அதான்."

மேலே ஒரு அசைவும் இல்லை. அவர் அழுகிறாரோ என்று நினைத்தாள். அழட்டும், சுவரைப் பார்த்து உட்காராமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

"இது என் பனியன்லா" என்றார் கடைசியில்.

"கிழிஞ்சதுதான்."

பரண் வாசல் வழியாக ஒரு துணி வந்து அவள் காலடியில் விழுந்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"என்ன செய்யுதீரு? எடுக்காதீரும்னு சொன்னேன்லா?"

"கேக்கட்டும்."

முதல் சொட்டு அலுமினியச் சட்டியில் 'டங்' என்று விழுந்தது. பிறகு வாளியில். பிறகு கேக் தட்டில் சடசடவென்று. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் கூரை ஒழுகுகிற சத்தம் கேட்டது. இடெல்லா ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏட்டி, தூங்கிட்டியா?" என்றார் ஓர்லின். "கையில ஒரு கிண்ணம் மிச்சம் இருக்கு. இத எங்க வைக்க?"